ஆளுக்கு ஒரு மாத்திரை

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் ஏறிய மினி பஸ்ஸில், முன் இருக்கையில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்: “ஒருத்தர் மருந்த ரெண்டு பேரு சாப்பிட்டோம் அண்ணே.”

“ஏன்லா?”

“எனக்கும் மூச்சு இழுப்பு, என் சம்சாரத்துக்கும் மூச்சு இழுப்பு. கம்பெனி கிளினிக்ல என்னை மட்டும்தான் பார்ப்பாங்க. டாக்டரு ரெண்டு விதமா கொடுத்தாரு. ஒண்ணு ஸ்டீராய்டு. இன்னொண்ணு அலர்ஜி மாத்திரை, அது தூக்கம் வரும்னாரு. நான் மெஷின்ல நிக்கிற ஆளு. தூக்க மாத்திரைய அவளுக்குக் கொடுத்துட்டு மத்ததை நான் சாப்பிட்டேன்.”

“அது இழுப்புக்குக் கேட்டுச்சா?”

“கேக்குதுன்னுதான் நெனச்சேன். நல்லா தூங்குனா. மூச்சு முட்டுறது தெரியாம தூங்கியிருக்கா அண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டா.”

பஸ் பெட்டாலிங் ஜெயா பக்கம் திரும்பியது. பெரியவர் கேட்டார்:

“இப்ப மருந்து?”

“அதே ரெண்டுதான். இப்ப ரெண்டையும் நானே சாப்பிடுறேன்.”

“மெஷின்ல நிக்கிறப்போ தூக்கம் வரலையா?”

“ஒரு பொட்டுத் தூக்கம் வரல அண்ணே.”