கூழுக்கு வைன் வாங்கியது யார்?

"பொய் சொன்னது நீங்கள்தான்."

நோர்வேயில், அம்மருட் போகும் சுரங்க ரயிலில், நிறைந்த பெட்டிக்குள் ஒரு மனைவி தன் கணவனிடம் சொன்னார். இருவருக்கும் அறுபது வயதிருக்கும்.

"நண்டுக் கூழுக்குத் தென் பிரான்ஸ் வெள்ளை வைன் பொருந்தும் எண்டு நீங்களே கண்டுபிடிச்சனீங்கள்? போன முறை 'என்ரை கண்டுபிடிப்பு' எண்டு சொல்லி, தம்பியாக்கள் புகழப் புகழச் சிரிச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

"மெல்லக் கதையுமப்பா."

"வாங்கினது மருமகள். நோர்வேக்காரப் பிள்ளை, கடையிலை நிண்டு நண்டு, றால், உறைப்பு, புளி எண்டு எல்லாத்தையும் சொல்லிக் கேட்டு வாங்கினவள். நீங்கள், 'கூழோடை ஆரும் வைன் குடிப்பினமே, விஸ்கியை எடு' எண்டனீங்கள்."

"குடிச்ச பிறகுதான் விளங்கினது. அந்த உறைப்புக்கு, குளிரக் குளிர அந்தப் புளிப்பு! எங்கடை சாப்பாட்டை எவ்வளவு யோசிச்சிருக்கிறாள். நல்ல பிள்ளை. மனசுக்குள்ளை நன்றி சொல்லிட்டன்."

"மனசுக்குள்ளை சொன்னது அவளுக்குக் கேக்குமே?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

"இண்டைக்கும் கூழ்தான். தம்பியாக்கள் வருவினம், அவளும் இருப்பாள். சட்டியைத் திறக்க முதல் எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு சொல்லுங்கோ. அந்த வைனை வாங்கினது ஆர்?"