வலது காலில் மாவுக்கட்டு

நெவில்: ...அதான் சொல்றேன் ஹேசல், கச்சேரியை ரத்து பண்ணிடலாம். ஜனங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஹேசல்: உடைஞ்சது என் கால்ப்பா. தொண்டை இல்ல.

நெவில்: மாவுக்கட்டோட உன்னை மேடையில பார்த்தா... அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காது?

ஹேசல்: நாற்காலியில உட்கார்ந்து கிட்டார் மீட்டிப் பாடப்போறேன். என்ன, நடனமா ஆடப்போறேன்? உன் பாஸ் கிட்டாரை எடு. மூணு மணிக்குத் திரையைத் தூக்கிடுவாங்க.

நெவில்: அதுல ஒரு கம்பி சரியில்ல.

ஹேசல்: இருக்கறதே நாலு. அதுல ஒண்ணு சரியில்லையா?

நெவில்: இந்த விட்பி ஊருக்கு வந்தாலே இப்படித்தான். கடல் காத்து, ஈரம்...

ஹேசல்: யோவ், நீ பொறந்ததே ரெண்டு தெரு தள்ளி. இதே காத்துலதான். காய்ச்சலோட வாசிச்சிருக்கே. உங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டு அதே கறுப்புக் கோட்டோட வந்து வாசிச்சே. ஸ்கார்பரோவுல மேடை ஒரு பக்கம் இறங்கினப்போ சாஞ்சுக்கிட்டே வாசிச்சே. இருபத்தாறு வருஷத்துல ஒரு கச்சேரி விட்டதில்ல. இன்னைக்கு ரேடியோக்காரங்க பதிவு பண்ண வந்திருக்காங்க, இன்னைக்குப் பார்த்து...

நெவில்: பதிவு வேறயா! அது ஒண்ணுதான் பாக்கி.

ஹேசல்: வயித்து வலியா?

நெவில்: ...ஆமா.

ஹேசல்: அப்போ அந்த மீன் வறுவலை இப்படித் தள்ளு.

நெவில்: வயித்து வலி இல்ல.

ஹேசல்: தெரியுமே.

நெவில்: சரி, வாசிக்கறேன். ஆனா ஒண்ணு. அந்தக் கதையை மட்டும் இன்னைக்குச் சொல்லாதே.

ஹேசல்: எந்தக் கதை? அந்தப் பெரிய குழு உன்னை லண்டனுக்குக் கூப்பிட்ட கதையா? அமெரிக்கா முழுக்க ஆறு மாசப் பயணம், அத்தனையும் உதறிட்டு, 'ஹேசலை விட்டு வர மாட்டேன்'னு சாயந்தர ரயிலைப் பிடிச்சு வந்த கதையா? அதுக்குத்தானேப்பா கைதட்டே! என் பாட்டுக்குக்கூட அவ்வளவு விழறதில்ல.

நெவில்: அந்தக் கைதட்டுதான் குத்துது.

ஹேசல்: ஏன்?

நெவில்: சொன்னா நீ எழுந்து போயிடுவே.

ஹேசல்: இந்தக் காலை வெச்சுக்கிட்டா? நல்ல நேரம் பார்த்திருக்கே. சொல்லு.

நெவில்: முதன்முதல்ல நாம எப்படிச் சேர்ந்தோம்னு ஞாபகம் இருக்கா?

ஹேசல்: மறக்குமா? தாளத்துக்கு ஆள் தேவைன்னு மீன் வறுவல் கடைக் கண்ணாடியில சீட்டு ஒட்டினேன். நீ பாஸ் கிட்டாரோட வந்து நின்னே. அதான் மீன் வறுவல் மேல தூவறதையே நமக்குப் பேரா வெச்சேன், 'உப்பு வினிகர்'னு. வினிகர் நீ.

நெவில்: தாளத்துக்கு ஆள்... அதுதான் ஹேசல் விஷயம். எனக்கு எண்ண வராது.

ஹேசல்: எதை எண்ண?

நெவில்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ண ஆரம்பிச்சா விரல் நின்னுடும். விரல் ஓடினா எண்ணிக்கை விட்டுப்போயிடும்.

ஹேசல்: அப்புறம் இத்தனை நாள் எப்படி...

நெவில்: உன் வலது கால். பாட்டு திரும்பற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி உன் குதிகால் ஒரு தடவை ஓங்கி விழும். அது விழுந்ததும் விரலை நகர்த்துவேன். அவ்வளவுதான் என் வித்தை.

ஹேசல்: பழைய பாட்டுக்குமா? தூக்கத்துல எழுப்பினாலும் வரணுமே!

நெவில்: நீ என்னைக்காவது ஒரே மாதிரி பாடியிருக்கியா? நடுவுல நிறுத்தி முன்வரிசையில ஒருத்தரை நலம் விசாரிப்பே. கடைசி அடியை ரெண்டு தடவையும் பாடுவே, ஏழு தடவையும் பாடுவே. உன் கால் இல்லேன்னா நான் நடுத்தெருவுல நிக்கற மாதிரிதான்.

ஹேசல்: அப்போ லண்டன்ல?

நெவில்: அந்தப் பாடகன் மரம் மாதிரி நின்னான், ஹேசல். காலை அசைக்கவே இல்ல. ரெண்டாவது பாட்டுல அவங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க. டீ கொடுத்து அனுப்பிட்டாங்க. நான் எதையும் உதறல... அவங்கதான் உதறினாங்க. ரயிலைவிட்டு இறங்கினா நீ பிளாட்பாரத்துல நிக்கறே, அழுத முகத்தோட. வாயில அந்தப் பொய் வந்துடுச்சு. உனக்காகத்தான் வந்தேன்னு.

ஹேசல்: மேல சொல்லு.

நெவில்: இன்னைக்குக் காலும் இல்ல. அத்தனை பேர் முன்னாடி, ரேடியோவுலயும் மானம் போகும். அதான் ரத்து பண்ணச் சொன்னேன். போஸ்டர்ல பாரு, நம்ம மூஞ்சிகூட இல்ல, உன் சிவப்பு ஷூ மட்டும்தான். ஒரு விதத்துல அதுதான் நியாயம்... கோவமா? ஏதாவது திட்டேன். ஹேசல்? என்ன, சிரிக்கறியா!

ஹேசல்: உன் ரயில் யார்க் ஸ்டேஷனைத் தாண்டறதுக்குள்ள அந்த லண்டன் குழுக்காரங்க எனக்குப் போன் பண்ணிட்டாங்கப்பா. 'தங்கமான மனுஷர், ஆனா எங்க பாடகரோட ஷூவையே முறைச்சுப் பார்க்கறாரு, ஏதாவது கோளாறா'ன்னு. அதுக்குத்தான் அழுதேன், உனக்காக. நீ வந்து இறங்கி அந்தப் பொய்யை அவ்வளவு அழகா சொன்னே, விட மனசு வரல. மறுநாளே கடைத்தெருவுல கண்ணைப் பறிக்கற சிவப்பா ஒரு ஜோடி தேடி வாங்கினேன். எனக்குச் சிவப்பே பிடிக்காது, தெரியுமா? ...மூணு நாளா உட்கார்ந்து மறு காலால தட்டிப் பழகியிருக்கேன். அந்தப் பையைத் திற. ஷூவை எடுத்து மாட்டிவிடு, இடது கால்ல.