தனபாக்கியத்தின் மேட்டு வயல்

பேச்சு கொஞ்சம் கனமாப் போயிடுச்சு, இல்லையா... ஒரு சின்ன சம்பவம் சொல்றேன். பின்னால நிக்கிறவங்களும் முன்னால வந்து உக்காருங்க.

கொள்ளிடக் கரையோரம் ஒரு ஊரு. சம்பா கதிர் விடுற நேரத்துல மழை... விடாத மழை. தண்ணி வடிஞ்சு பாத்தா பயிரெல்லாம் அழுகிக் கிடக்குது. அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. சேதத்தைக் கணக்கெடுக்க வேளாண்மை ஆபீசர் அம்மா ஒருத்தங்க வந்தாங்க.

வரும்போதே அவங்க மனசுல ஒரு சந்தேகம். ஏன்? முந்தின ஊர்ல நல்லா நிக்கிற பயிரையும் போச்சுன்னு சொல்லியிருக்காங்க. இனிமே எதை நம்புறது? பேசாம எல்லாருக்கும் பாதி சேதம்னு எழுதிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே வர்றாங்க.

இங்க வேதையன்னு ஒரு விவசாயி முன்னால வந்து நின்னாரு. "மேடம், ஒரு வயலும் தப்பல. மொத்தமும் போச்சு."

ஆபீசர் அம்மா பக்கத்துல நின்ன தனபாக்கியத்தைப் பாத்தாங்க. புருஷன் தவறுன பிறகு தனியா வெள்ளாமை பாக்குறவங்க. மோட்டார் எரிஞ்சுபோயி, மாத்தக் காசில்லாம நிக்கிறாங்க.

"உங்களுக்கு எவ்வளவும்மா சேதம்?"

ஊரே அந்த அம்மா வாயைப் பாக்குது. வாயைத் திறந்து 'போச்சு'ன்னு ஒரு வார்த்தை... அவ்வளவுதான், பணம் வந்துடும். சொன்னாங்களா?

"எனக்குச் சேதம் இல்லீங்க. என்னுது மேட்டு வயலு, தண்ணி ஏறல. எனக்கு நிவாரணம் வேணாம்."

வேதையன் முகம் கறுத்துப்போச்சு. "என்ன தங்கச்சி... ஊரையே கவுத்துட்டியே."

"என் வயலைத்தானே சொன்னேன் அண்ணே. உங்க வயலுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். வாங்க மேடம்."

வரப்பு வழியா முன்னால நடந்தாங்க. "இது இந்த அண்ணன் வயலு. ஒரு கதிர் தேறாது. புடுங்கிப் பாருங்க." ஆபீசர் அம்மா குனிஞ்சு புடுங்குனாங்க. வேரெல்லாம் கூழா வந்துச்சு. அடுத்த வயலு... அதுக்கடுத்த வயலு... தனபாக்கியம் சொன்னபடியே இருக்குது.

தனக்கு வர்ற பணத்தையே வேணாம்னவங்க, அடுத்தவனுக்காகவா பொய் சொல்லப்போறாங்க? ஆபீசர் அம்மாவுக்கு அப்புறம் சந்தேகமே இல்ல. அழுகுன வயலுக்கெல்லாம் முழுச் சேதம்னு எழுதுனாங்க. பணம் குறையாம வந்து சேந்துச்சு.

தையில தனபாக்கியம் வயல்ல அறுவடை. கூப்பிடாமலே வேதையன் டிராக்டரோட வந்து நின்னாரு.

"என்னண்ணே, கோவம் போயிடுச்சா?"

"கோவம் அன்னைக்கே போச்சு தங்கச்சி. வெக்கம்தான் போகல... மூட்டையை ஏத்தச் சொல்லு."

ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. அந்த வருஷம் அந்த ஊர்ல பட்டினி கிடந்த வீடு ஒண்ணுகூட இல்ல.

ஏன் இதைச் சொல்றேன்? நாளைக்கு நம்ம ஊருக்கும் கணக்கெடுக்க வர்றாங்க. நமக்குச் சேர வேண்டியதைக் கேளுங்க... கூச்சப்படாம, உரக்கக் கேளுங்க. அது பிச்சை இல்ல, உரிமை. ஆனா, சேதம் இல்லாதவங்க இல்லைன்னு சொல்லுங்க. நீங்க 'எனக்கு வேணாம்'னு சொல்ற அந்த ஒரு வார்த்தைதான், 'எனக்கு வேணும்'னு நிக்கிறவனுக்கு ஜாமீன்.