மூன்று பேர், இரண்டு நாற்காலி

— அப்படியெல்லாம் விட முடியாதும்மா. யார் யார் வந்தாங்க, யார் எங்க உக்காந்தாங்கன்னு எழுதிட்டுத்தான் கூட்டத்தையே ஆரம்பிக்கணும். இந்தச் சங்கத்துக்குச் செயலாளரா வந்த நாள்லேருந்து ஒரு தடவைகூட நான் இதை விட்டதில்ல. எழுதறேன், கேளுங்க. “இடம்: பம்ப் ஹவுஸ் ஓய்வறை. தலைவர், சீனியர் பம்ப் ஆபரேட்டர், ஜன்னல் ஓரம், இரும்பு நாற்காலியில். செயலாளர், மேற்படி அடியேன், மேஜைக்கு முன்னால், பிரம்பு நாற்காலியில்.”

— பிரம்பு எங்கய்யா இருக்கு அதுல? அது அறுந்து போய் எத்தனையோ காலமாச்சு. பலகையை வெச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கீரு.

— தலைவரே, பதிவேடு எழுதும்போது கிண்டல் வேண்டாம். “இளையோர் பிரதிநிதி...” நீ எங்கம்மா உக்காரப்போறே?

— நான் உக்காரல சார்.

— நின்னுக்கிட்டே கூட்டமா? அந்த கிரீஸ் டின்னைக் கவுத்துப் போட்டு உக்காரு.

— வேண்டாம். வாசல்படியில நிக்கறதா எழுதுங்க. பிரதிநிதின்னெல்லாம் போட வேண்டாம். “தலைவரின் அண்ணன் மகள், வாசல்படியில்.” அது போதும்.

— இதென்ன பதிவேடா, கல்யாணப் பத்திரிகையா?

— விடும், மேற்படியாரே. கோவத்துல இருக்கா. கோவம் வந்தா எங்க அண்ணனும் இப்படித்தான். உள்ளயும் வரமாட்டான், வெளியயும் போகமாட்டான். அவ சொல்ற மாதிரியே எழுதும்.

— சரி, எழுதியாச்சு. சாயங்கால வேன் வர்றதுக்குள்ள முடிக்கணும். தலைமை ஆபீஸ்ல இன்னிக்குத்தான் கடைசி நாள். லெட்டரைப் படிக்கறேன். “பொருள்: ஓய்வூதியத் திட்ட மாற்றத்துக்குச் சங்கத்தின் இசைவு, தொடர்பாக. பழைய பணியாளர்களின் ஓய்வூதியம் இப்போது உள்ளபடியே தொடரும் என்ற உறுதியின் பேரில், பின்னர் பணியில் சேர்ந்தோரைச் சந்தை சார்ந்த புதிய நிதிக்கு மாற்ற மேற்படி சங்கம் மனமுவந்து இசைகிறது.”

— மனமுவந்தா? யார் மனசு சார்?

— அது லெட்டர் பாஷைம்மா. மனம் வருந்தி இசைகிறதுன்னா எழுத முடியும்?

— பின்னர் சேர்ந்தவங்கன்னா நாங்கதானே? நானு, எலக்ட்ரீஷியன், மீட்டர் பாக்கிற பசங்க, குளோரின்...

— ஆமா, அந்தக் குளோரின். ஃபில்டர் பக்கம் தண்ணியில மருந்து கலக்குறாளே, அவ கண்ணுல இந்த லெட்டரை நான் காட்டவே இல்ல. பேரு வெச்சவன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான், அவ பேசினாலே நமக்குக் கண்ணு எரியுது. நல்ல வேளை, பிரதிநிதியா நீ வந்தே. அவளா இருந்தா பேப்பரைக் கிழிச்சு என் பாக்கெட்லயே திணிச்சிருப்பா.

— கிழிச்சிருப்பா. அதுல சந்தேகமே இல்ல.

— அதான் சொல்றேன், நீ விவரமான பொண்ணு. மூணு பேர் கையெழுத்து இருந்தாத்தான் இசைவுக் கடிதம் செல்லும். நான் போட்டாச்சு, தலைவர் போட்டாச்சு. நீ மட்டும்தான் பாக்கி. இந்தா பேனா.

— சித்தப்பா, நீங்க இதை முழுசாப் படிச்சீங்களா?

— நான் எங்கம்மா படிக்கறேன்? மேற்படியார் எழுதுவாரு, நான் போடுவேன். பம்பை விட்டுட்டு மேஜைக்கு வர எனக்கு எங்க நேரம்? இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு.

— சார், பின்பக்கம் நாலாவது வரியைப் படிங்க. அவர் காதுல விழட்டும்.

— அது வெறும் நடைமுறை...

— படிங்க சார்.

— “குடும்ப ஓய்வூதியம் புதிய நிதிக்குப் பொருந்தாது.” போதுமா?

— சித்தப்பா, புரிஞ்சுதா?

— புரியாம என்ன.

— அப்பா வேலையில இருக்கும்போதே போயிட்டாரு. எனக்கு அப்போ பல்லு விழுந்து முளைக்கிற வயசு. அம்மாவுக்குப் பாதிப் பென்ஷன் வந்துச்சு. அந்தப் பாதியிலதான் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது, நான் படிச்சேன். இப்ப எனக்கும் ஒண்ணு இருக்கு, பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டு. நாளைக்கு இந்த மோட்டார்ல நான் மாட்டினா அதுக்கு என்ன வரும்? சார் சொல்லட்டும்.

— ஏன்மா நல்ல வாயால இப்படிப் பேசறே? ஒரேயடியா ஒரு தொகை வரும். அன்னிக்குச் சந்தை எப்படி இருக்கோ அதைப் பொறுத்து.

— நான் சாகறதுக்குச் சந்தை பாத்து நாள் குறிக்கணும்.

— பாத்தீங்களா தலைவரே, உங்க பொண்ணு பேசறதை. நான் என்ன என் வீட்டுக்கா அள்ளிக்கிட்டுப் போறேன்? இசைவு போகலேன்னா, இந்த வருஷம் ஓய்வு பெறவேண்டியவங்க பென்ஷன் பேப்பரையெல்லாம் நிறுத்தி வெச்சிடுவோம்னு தலைமை ஆபீஸ்ல வாய்விட்டே சொல்லிட்டாங்க. எப்ப நகரும்னு அவங்களுக்கே தெரியாது. தலைவருக்கு இந்த மாசக் கடைசியோட சர்வீஸ் முடியுது. சித்திக்குக் கண்ணு ரெண்டும் மங்கிக்கிட்டு வருது. அதையும் கொஞ்சம் யோசி.

— யோசிக்காமலா சார்? டாக்டர்கிட்ட சித்தி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறதே நான்தான்.

— இளையவங்களுக்குக் காலம் இருக்கும்மா. கை கால் தெம்பா இருக்கு. எப்படியும் பொழைச்சுக்குவீங்க. அரசாங்கம் உங்களை நடுத்தெருவுலயா விட்டுடும்?

— வேலைக்குச் சேரும்போது உங்களுக்குக் குடுத்த அதே வாக்கைத்தான் எங்களுக்கும் குடுத்தாங்க. அதைத் திரும்ப எடுத்துக்க நீங்களே லெட்டர் எழுதிக் குடுக்கறீங்க. அப்புறம் அரசாங்கம் நடுத்தெருவுல விடாதுன்னு சொல்றீங்க.

— பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாது.

— பேச்சு இல்ல சார். சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. புதுசா ஆள் எடுக்கறதில்ல. வர்றதெல்லாம் கான்ட்ராக்ட், அவங்க இந்த நிதிக்குக் கட்டறதே இல்ல. நாங்க கட்டறதுலேருந்துதான் உங்க ஆளுங்களுக்குப் பென்ஷன் போகுது. எங்களையும் வேற பக்கம் திருப்பிவிட்டா? தொட்டிக்கு வர்ற குழாயை அடைச்சுட்டு, தொட்டி நிறைஞ்சுதான் இருக்குன்னு நிக்கிற மாதிரி இல்ல?

— ஏன் மேற்படியாரே, அவ கேக்கறது சரிதானா? வர்ற குழாயை அடைச்சா தொட்டி எது வரைக்கும் தாங்கும்?

— நம்ம காலம் வரைக்கும் தாங்கும் தலைவரே.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அதுக்கு மேல யோசிக்கிறது நம்ம வேலையா? நான் ஒளிச்சுப் பேசல. எனக்கும் அடுத்த வருஷம் முடியுது.

— சித்தப்பா, நீங்க என்ன சொல்றீங்க?

— நான் என்னத்தைச் சொல்ல? இந்தா பாரு. வெள்ளம் வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்காது. மூணு ஷிப்ட் நான் ஒத்தையா நின்னேன். மாத்திவிட ஆளு வரல. இடுப்பளவு தண்ணி. ஓடியிருக்கலாம். ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு, உனக்கே தெரியும். வர்றவன் வால்வு சக்கரத்துல கையை வெச்சு “என் கையில”ன்னு சொல்லணும். அதைக் கேக்காம எவனும் வீட்டுக்குப் போனதில்ல. சட்டப் புத்தகத்துல தேடினா அது கிடைக்காது.

— தெரியும் சித்தப்பா. முதல் நாளே நீங்க சொல்லிக் குடுத்தது.

— நான் நிக்க வேண்டியதெல்லாம் நின்னுட்டேம்மா. முழங்கால்ல இனிமே ஒண்ணும் இல்ல. சித்தி ராத்திரி சுவரைத் தடவித் தடவித்தான் நடக்கறா. என்னை வீட்டுக்குப் போக விடு.

— அந்த நாலாவது வரியைக் கேட்ட பிறகும் கேக்கறீங்களா?

— கேட்ட பிறகுதான் கேக்கறேன். தெரிஞ்சேதான் கேக்கறேன்.

— எங்க அப்பா இருந்தா அவர்கிட்டயும் கேப்பீங்களா?

— அவன் இருந்திருந்தா நான் கேக்காமலே போட்டிருப்பான். போடும்மா. எனக்காகப் போடு.

— என்னை மாத்திவிட யார் சித்தப்பா வருவாங்க?

— தெரியல.

— சரி. பேனாவைக் குடுங்க சார்.

— உள்ள வந்து மேஜையில வெச்சுப் போடு.

— வேண்டாம். பேப்பரை இங்க நீட்டுங்க. கதவுல வெச்சே போடறேன்.

— ம். அப்பாடா. தலைவரே, கண்ணைத் துடைச்சுக்குங்க, அவ ஒண்ணும் உங்க மேல கோவமா இல்ல. எங்க அந்தக் கோந்து பாட்டில்? காஞ்சு போச்சு, சனியன். மெழுகு இருக்கு. கொஞ்சம் தள்ளுங்க, உருக்கணும். இதோ, மேற்படி சங்கத்தின் முத்திரை. அதோ, ஹாரன் கேக்குது. டிரைவர் தம்பி, நில்லு. இந்தக் கவரைத் தலைமை ஆபீஸ்ல, பென்ஷன் பிரிவுல, கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிக்க. மடிச்சுடாதே, மெழுகு இன்னும் ஆறல. ம், போ. போயிட்டான். கேட் தாண்டியாச்சு.

— சார், பதிவேட்டுல முதல்ல எழுதினீங்களே, அதை இன்னொரு தடவை படிங்க.

— எதை?

— நான் யாருன்னு என்ன எழுதினீங்க?

— “தலைவரின் அண்ணன் மகள், வாசல்படியில்.” நீ சொன்னபடிதானே எழுதினேன். அதுக்கென்ன இப்ப?

— அது சரியாத்தான் இருக்கு. நான் வேற யாரும் இல்ல. காலையில ஷிப்ட் மாறும்போது எங்க ஆளுங்க கூடினோம். பிரதிநிதிப் பொறுப்பை நான் விட்டுட்டேன். வேற ஆளைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட கடிதம் காலை வேன்லயே தலைமை ஆபீஸ் போயிடுச்சு.

— என்ன உளர்றே?

— மேற்படி கையெழுத்து செல்லாது சார்.

— அடிப்பாவி. தம்பி, டிரைவர் தம்பி...

— வேன் மேடு ஏறிடுச்சு. கூப்பிட்டாலும் கேக்காது.

— தலைவரே, உங்க பேப்பர்! உங்க பேப்பர் போச்சு. கூடவே இருந்து குழி பறிச்சிட்டா.

— மேற்படியாரே, கொஞ்ச நேரம் வாயை மூடும். ஏம்மா, போட மாட்டேன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே.

— உங்க முகத்தைப் பாத்து இல்லேன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல சித்தப்பா. நீங்க கேட்டா போட்டுடுவேன்னு எனக்கே தெரியும். பாத்தீங்களே, போட்டேன். அதனாலதான் இல்லேன்னு சொல்லத் தெரிஞ்சவகிட்ட குடுத்துட்டு வந்தேன்.

— அப்புறம் எதுக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்தே?

— நீங்க கேப்பீங்களா, மாட்டீங்களான்னு பாக்க வந்தேன்.

— கேட்டுட்டேன்.

— சித்தி கண்ணு ஆபரேஷனை நான் பாத்துக்கறேன். என் சம்பளத்துல கடன் எழுதிக் குடுத்தாச்சு. அது வேற கணக்கு. ஆனா அந்த வரிக்கு என் கையெழுத்து கிடையாது.

— யார் கையில குடுத்தே?

— குளோரின் கையில.

— போச்சு. இனிமே மேற்படி ஜென்மத்துல கையெழுத்து வாங்க முடியாது.

— மேற்படியாரே, சும்மா இருமய்யா. ஏம்மா, அவ வால்வு சக்கரத்துல கையை வெச்சாளா?

— வெச்சா சித்தப்பா.

— “என் கையில”ன்னு சொன்னாளா?

— எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா.

— அப்போ நீ இன்னும் எதுக்கு நின்னுக்கிட்டிருக்கே? இந்தா, நான் எழுந்துட்டேன். உள்ள வந்து உக்காரு.