சுண்டு விரலால் தள்ளிப் பாரு

மாலை ஏழு மணி. மழை விட்டிருந்தது. பிரதான சாலையிலிருந்து ஒதுங்கிய தெரு... ஆள் நடமாட்டமே இல்லை. ஒருவர் மட்டும் நடந்து வந்தார். தோளில் கருவிப் பை, கையில் ஜன்னல் கதவின் அடியில் மாட்டும் புதுச் சக்கரங்கள் இரண்டு.

நம்ம பெயின்டர் இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன்தான் அவர். தள்ளு ஜன்னல் ரிப்பேர் பார்ப்பவர். ஜன்னல்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் மாடியில் அவர் வீடு. படுக்கையறை ஜன்னல் நான்கு வருடமாக இறுகிக் கிடந்தது.

"ஊரார் வீட்டு ஜன்னலெல்லாம் வழுக்கிக்கிட்டு ஓடுது. நம்ம வீட்டுது மட்டும் உங்கள மாதிரியே இடிச்சபுளியா உக்காந்திருக்கு" என்பாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் விடு" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை. மூச்சிரைப்பு வந்து அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு சாயங்காலம், அவர் யார் வீட்டு ஜன்னலையோ சரி செய்துவிட்டுத் திரும்பினார். அவள் ஜன்னலடியில் கிடந்தாள். ஜன்னல் இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அவள் போய் ஒரு மாதம் ஆயிற்று. பிறகு தினமும் ராத்திரி எட்டு மணிக்கு... க்ரீ...ச். போய்ப் பார்த்தால் அதே இரண்டு விரல் இடைவெளி. மூடி வைப்பார். மறுநாளும் க்ரீ...ச்.

அவருக்குப் பயமில்லை. சொல்லப்போனால், அந்த வீட்டில் அவருக்குத் துணை அந்தச் சத்தம் ஒன்றுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னமும் காற்றுக்குத் திண்டாடுகிறாளே...

அதற்குத்தான் அன்றைக்குப் புதுச் சக்கரம் வாங்கி வந்தார்.

கண்ணாடிக் கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைச் சாய்த்துக் கழற்றிக் கட்டிலில் கிடத்தினார். ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை. பழைய சக்கரத்தில் நீளமான தலைமுடி நாலைந்து சுற்றியிருந்தது. பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு ஓடும் தண்டவாளத்தைத் தேய்த்துக் கழுவி, மெழுகுவர்த்தியால் இழைத்து, புதுச் சக்கரம் போட்டுக் கதவை மாட்டினார்.

அவருக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்தால் அவர் தள்ளிப் பார்க்க மாட்டார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "சுண்டு விரலால தள்ளிப் பாருங்கம்மா" என்பார். அது ஓடினால்தான் பையைக் கட்டுவார்.

அன்றைக்கும் வாய் தவறி வந்துவிட்டது.

"சுண்டு விரலால தள்ளிப் பாரு..."

ஓடியது. சத்தமே இல்லாமல்... கடைசிவரை. அவர் காதருகே யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள். திரைச்சீலை வெளிப்பக்கமாக ஒருமுறை உப்பி, அடங்கியது.

மறுநாள் எட்டு மணி. ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஜன்னலையே பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூடியது மூடியபடி இருந்தது.

எட்டாம் நாள் பெயின்டர் போனபோது மனுஷன் பழைய துருச் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, தண்டவாளத்தில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, நல்லா இருக்கிறதப் போய்க் கெடுக்கிறீங்க?"

"சத்தமே இல்லப்பா. வந்தாளா, வரலயான்னே தெரியல."

"அக்கா போயிட்டா மாமா. நிம்மதியாப் போகட்டும், விடுங்க."

"நீ பேசாம இரு. மணி என்ன?"

எட்டு.

க்ரீ...ச்.

இரண்டு விரல் அகலம்.

"பாத்தியா... வந்துட்டா" என்றார். அத்தனை நாளில் அப்போதுதான் சிரித்தார்.

கண்ணாடியில் ஈரமாக ஒரு விரல் தடம். பெயின்டர் பதறிப் போய்த் தன் சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தான்.

தடம் வெளிப்பக்கம் இருந்தது. மூன்றாம் மாடியில்.