பாலத்தில் சூப் ஊற்றிய குற்றம்

கோபத்தைக் குரலில் காட்டாமல் கொள்கையில் காட்டும் ஆற்றுக் காப்புக் குழுத் தலைவர், இந்த அவையின் தலைவர், பெரியவர் எர்மோகெனெஸ் அவர்களே, அவர் அருகே அமர்ந்திருக்கும் ஆறு கிராமங்களின் மூத்தோர்களே, சந்தைக் கடைகளைச் சாத்திவிட்டு முதுகில் பிள்ளையும் கையில் பின்னலுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, மலைப்பாதையில் லாரி ஓட்டும் தோழர்களே, என் வகுப்பில் தூங்கினாலும் ஊருக்கு ஒன்று என்றால் விழித்துக்கொள்ளும் மாணவச் செல்வங்களே, மூன்றாம் வரிசை ஓரத்தில் மடிப்புக் கலையாத புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொலைபேசியை என் பக்கம் நீட்டியிருக்கும் காவல்துறை அன்பரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவரும் வேலையாக வந்தவர். ஐயா, முன்னால் வந்து உட்காருங்கள். இன்று நான் பேசுவதில் ஒரு சொல்கூட உங்கள் பதிவில் விட்டுப்போகக் கூடாது.

கோல்கேபம்பா மேனிலைப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக வரலாறு சொல்லித்தருகிறேன். இந்த ஊரில் யார் யாரை வென்றார்கள், யார் யாரை விற்றார்கள் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வெளுத்தவள். ஆனால் அவையோரே, சூப் ஊற்றிய பெண்ணை அரசின் எதிரி என்று ஓர் அரசு அறிவித்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதை இந்த ஊரில்தான் பார்த்தேன்.

என்ன நடந்தது? தலைநகரில் ஓர் ஆணை பிறந்தது. வில்காமாயு ஆற்றின் தலையூற்று இனிச் சுரங்கத்துக்கு என்றது அந்த ஆணை. ஆற்றைக் குடிப்பவனைக் கேட்டார்களா? ஆற்றில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுபவளைக் கேட்டார்களா? கேட்கவில்லை. மனுக் கொடுத்தோம், மறுத்தார்கள். மன்றாடினோம், மௌனம் காத்தார்கள். பிறகுதான் நாம் பாலத்தில் போய் உட்கார்ந்தோம். ஒன்பது நாள் உட்கார்ந்தோம். கல் எடுக்கவில்லை, கம்பு எடுக்கவில்லை. நம் கையில் இருந்தது கிண்ணம். அந்தக் கிண்ணத்தை நிரப்பியவர் தெயோதோரா வில்காபாசா.

தேவாலயத்துக்குப் பின்னால், காலை ஐந்து மணிக்கெல்லாம் ஆட்டுத்தலை சூப் மணக்கும் கடை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் முதல் நாளே அண்டாவைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டார். உருளைக்கிழங்கு போட்டார்கள் சிலர், மக்காச்சோளம் போட்டார்கள் சிலர், வெறுங்கையோடு வந்தவர்கள் விறகு பொறுக்கினார்கள்.

நான்காம் நாள் ஆலங்கட்டி மழை. பாலத்தின் அந்தக் கரையில் முப்பது போலீஸ்காரர்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டிய வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. காலையிலிருந்து பட்டினி. தெயோதோரா பார்த்தார், அண்டாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கச் சொன்னார்.

"அவனுங்களுக்குமா ஊத்தப்போறே? நம்மளை அடிக்க வந்தவனுங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"அடிக்கும்போது அடிப்பான். இப்போ பசிச்சுக் கெடக்கான். வயித்துக்கு யூனிபாரம் கெடையாது, வழிய விடு" என்றார் அவர்.

நடுப்பாலத்தைத் தாண்டிப் போனார். ஒரு காவலர், ரோனி என்று பெயர், நம் மொழி பேசும் மலைக்காரப் பையன்தான், தயங்கினார்.

"வேணாம்க்கா. எங்க ஆபீசர் பாத்தா திட்டுவாரு."

"ஆபீசருக்கும் இருக்கு. கிண்ணம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

அதிகாரி வந்தார். கிண்ணத்தோடுதான் வந்தார்.

அந்த நான்காம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் நடுவில் என்ன மாறியது? நாம் மாறவில்லை. தலைநகரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கண்ணீர்ப் புகை. அதற்குப் பின்னால் ரப்பர் குண்டு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களின் முதுகில் சுட்டார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "ஓடாதீங்க, நெரிசல்ல விழாதீங்க, மெதுவா நடங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் முகத்தில் சுட்டார்கள்.

அவர்தான் அபுண்டியோ சோக்கே. தினமும் விடியலில் வானொலியில் நம் மொழியில் சந்தை விலை சொல்பவர், காணாமல்போன மாட்டுக்கு அறிவிப்பு வாசிப்பவர். அவருடைய இடது கண் அன்று போயிற்று. கண்ணைப் பறித்தவர்கள்மேல் வழக்கு உண்டா? இல்லை. கண்ணை இழந்தவர்மேல் வழக்கு. "பாலத்துக்கு வாங்க, குளிருது, கம்பளி எடுத்துக்கிட்டு வாங்க" என்று அவர் வானொலியில் சொன்னாராம். கம்பளி என்றால் வெடிமருந்துக்குச் சங்கேதச் சொல்லாம். தாய்மார்களே, உங்கள் தோளைப் பாருங்கள். இந்தத் திடலில் இப்போது எத்தனை வெடிமருந்து.

அதோடு விடவில்லை. அன்று மாலை மூன்றரை மணிக்குச் சுங்கச்சாவடி எரிந்தது. யார் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஆனால் கொளுத்தச் சொன்னவர் அபுண்டியோ என்று எழுதிவிட்டார்கள். மருத்துவமனை ஏட்டில் அவர் வந்த நேரம் ஐந்தரை மணி. நடுவில் இரண்டரை மணி நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். லாரியில் இருந்தேன் என்றார். யாரோடு என்றார்கள். "ஞாபகம் இல்லை" என்றார். அந்தப் பதிலுக்காகப் பதினைந்து ஆண்டுச் சிறை கேட்கிறது அரசுத் தரப்பு.

இரண்டு வாரம் கழித்து, நட்டநடுப் பகலில், சந்தையில், கையில் கரண்டியோடு நின்ற தெயோதோராவைப் பிடித்தார்கள். குற்றக் கூட்டத்துக்குப் பொருளுதவி செய்தாராம். அண்டாவையும் வண்டியில் ஏற்றினார்கள். அதன் கழுத்தில் எண் எழுதிய அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள், சாட்சிப் பொருளாம். பதினொரு மாதம் அவரைச் சிறையில் வைத்தார்கள். அங்கே போக ஏழு மணி நேரம் பேருந்து. பார்க்கப் போன மகளைப் பாதி நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆட்சியாளர்களே, இதுதான் உங்கள் வீரமா? ஆற்றைக் கேட்டவரிடம் வாதாட வார்த்தை இல்லாமல், அண்டாவைக் கைது செய்தீர்களே, இதுதான் உங்கள் நீதியா?

ஏழாம் மாதம் ஒரு தாளோடு அரசு வழக்கறிஞர் சிறைக்குப் போனார். சாவடியைக் கொளுத்தச் சொன்னது அபுண்டியோ என்று கையெழுத்துப் போட்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார். தெயோதோராவுக்கு ஸ்பானிய மொழி வாசிக்க வராது. நம் மொழியில் சொல்லச் சொல்லி முழுவதையும் கேட்டார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? கூட இருந்த நம் வழக்கறிஞர் மரிபெல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஐயா, இந்தக் காயிதத்துல என் பேரு இருக்கு. என் வாயி இல்லையே. எழுதினவரு யாரோ, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது.

போன வியாழக்கிழமை விசாரணை. அரசுத் தரப்பின் சாட்சி யார்? அதே ரோனி. விறைப்பாகத் தேய்த்த சீருடையில் வந்து நின்றார். நான் பின்வரிசையில் இருந்தேன்.

"பாலத்துல இந்த அம்மாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"சூப் ஊத்திக்கிட்டு இருந்தாங்க."

"கூட்டத்துல இருந்தவங்களுக்கு. அப்படித்தானே?"

"அவங்களுக்கும் ஊத்துனாங்க."

"அவங்களுக்கும்னா? வேற யாருக்கு?"

ரோனி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த தன் அதிகாரியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குத்தான், ஐயா. ரெண்டு கிண்ணம். எங்க ஆளுங்க முப்பது பேருக்கும். ஆபீசரு மூணு கிண்ணம் குடிச்சாரு."

மரிபெல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் குற்றக் கூட்டத்துக்குத்தான் உதவினார் என்றால், அந்தக் கூட்டத்தில் காவல்துறையும் சேர்த்தியா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் தெயோதோராமீதான வழக்கைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி. ரோனியை அதே வாரம் காட்டு எல்லைக்கு மாற்றிவிட்டார்கள். மெய்யைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த மாலை அது. அந்தத் தம்பிக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.

ஒருவர் வந்துவிட்டார், இனி ஊர்வலம் போய் மத்தளம் கொட்டலாம் என்று நினைக்கிறீர்களா? இன்னும் பத்துப் பேர்மீது வழக்கு நிற்கிறது. அபுண்டியோவுக்குத் திங்கட்கிழமை கடைசி விசாரணை. என்ன கேட்டீர்கள், பின்னால்? லாரியில் அவரோடு போனவர் யார் என்றா?

கேளுங்கள். அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

அன்று பாலத்தில் விழுந்த அவரை உருளைக்கிழங்கு லாரியில் ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்மேல் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு லாரி கிளம்பியது. சாவடி எரிந்தபோது அவர்கள் கணவாய் ஏறிக்கொண்டிருந்தார்கள். அபுண்டியோ கொளுத்தச் சொல்லவில்லை. அவர் அப்போது, "டீச்சர், நீங்க எறங்கிப் போயிடுங்க, உங்க வேலை போயிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆம். அந்தப் பெண் நான்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு ஆய்வாளர் வந்தார். அன்று மதியம் எங்கே இருந்தீர்கள் என்றார். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன் என்றேன். அரசுச் சம்பளம் வாங்குகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய், பயந்துவிட்டேன். பதினேழு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் துணிந்தவர்களின் கதை சொன்னவள், என் முறை வந்தபோது தாள் திருத்தப் போய்விட்டேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்றார். லாரி கிளம்பும்போது ஓடிவந்து, அண்டா பிடிக்கும் துணியைக் கிழித்து என் கையில் கொடுத்த தெயோதோராவும் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் அபுண்டியோமீதான வழக்கு என்றோ உடைந்திருக்கும்.

விடுதலையான அன்று தெயோதோரா தன் வீட்டுக்குப் போவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், உங்க பேரை நாங்க சொல்றது தப்பு. நீங்க சொல்றது தப்பில்ல. எப்ப வேணா சொல்லலாம். ஆனா திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

அவையோரே, அச்சத்தில் ஒதுங்கியவள் நான் ஒருத்தி மட்டும்தானா? லாரியை ஓட்டியவர் இந்தத் திடலில் இருக்கிறார். காயத்துக்குக் கட்டுப்போட்ட செவிலியர் இருக்கிறார். புகையில் ஓடியவர்கள், சூப் குடித்தவர்கள், கம்பளி கொண்டுவந்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்த பாலத்துக்கு ஏன் பத்துப் பேர் கூண்டில் நிற்க வேண்டும்? நாம் வாய் மூடியதால்தானே அவர்கள் கை கட்டப்பட்டது? நாம் ஒளிந்ததால்தானே அவர்கள் தனித்துப்போனார்கள்? அரசின் பொய் பெரியதில்லை. நம் மௌனம்தான் அதைப் பெரிதாகக் காட்டுகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீதிமன்ற வாசலில் நம் வழக்கறிஞர் மேசை போட்டு உட்காருவார். கண்டதைச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம், அதில் ஒரு சொல்லும் குறையவும் வேண்டாம்.

என் வாக்குமூலத்தை இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயர் ஒதிலியா சுராகி. தபாலாபீஸ் தெரு, நீலக் கதவு வீடு. அன்று மதியம் நான் பாலத்தில் இருந்தேன். அபுண்டியோ சோக்கேயின் தலை என் மடியில் இருந்தது.

குளிரில் இவ்வளவு நேரம் இருந்து கேட்ட பெரியோர்களுக்கும், நான் தடுமாறியபோது பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நன்றி. வில்காமாயுவின் தண்ணீர் குடித்த அனைவருக்கும் வணக்கம்.