கற்பூர டப்பாவின் மூடி

அண்ணாமலையார் கோயில் தரிசன வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். கல்லூரியில் ஒன்றாக வேதியியல் படித்தவர்களாம்.

"எங்க வீட்டுக்காரர் கடைசியா வாங்கி வெச்ச கற்பூரம், ஏத்தாமலே தீர்ந்துபோச்சுடி. கரையாம இருக்கட்டும்னு மிளகு போட்டுத்தான் வெச்சேன். இப்ப டப்பாவுல மிளகு மட்டும்தான் இருக்கு."

"மூடி லூசா இருந்திருக்கும். லேபுல பார்த்தோமே, மறந்துட்டியா? கற்பூர மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு கெட்டியா புடிச்சுக்காது. உருகாமலே ஆவியாயிடும்."

"சமையக்கட்டுல திறந்தே கெடக்கற உப்பு மட்டும் அப்படியே இருக்கு?"

"அதுக்குப் பிடிமானம் ஜாஸ்தி. இதுக்குக் கம்மி."

"அவர் மூடியை இறுக்கி வெச்சுடுவாரு. என்னால திறக்க முடியாது, நீங்களே வந்து திறங்கன்னு தினமும் கத்துவேன். அவர் போனப்புறம் ஏனோதானோன்னு மூடிட்டேன்."

வரிசை நகர்ந்தது.

"புதுசா வாங்கி இறுக்கி மூடி வை."

"வெச்சுட்டேன். திறந்து குடுக்கத்தான் ஆளில்ல."